சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது

நேரலைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் ஒருவர் சென்ற வாரம் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். கணினியின் பிராசசர் மேல் பொருத்துகிற குளிர்விப்பான். சாதாரண ஃபேன் அல்ல. உள்ளே பெல்டியர் தகடு வைத்தது, அதாவது மின்சாரம் பாய்ந்தால் ஒரு முகம் குளிர்ந்து மறுமுகம் சுடுகிற தகடு. அட்டைப்பெட்டியின் மேல் பனிமலை அச்சிட்டிருந்தது. படத்துக்குக் கீழே ஒரே கேள்வி: “பாய், லைவ் மிஷினுக்கு இத வாங்கலாமா?”

ஒரே சொல்லில் பதில் அனுப்பியிருக்க முடியும். அனுப்பவில்லை. அப்படிக் கிடைத்த பதிலை, இதைவிடப் பளபளப்பான பெட்டி ஒன்று கடைக்கு வந்ததும் மறந்துவிடுவீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கிறது. இதே கேள்வியை நாங்கள் எந்த நிலையில் நின்று தீர்த்தோம் என்பதை எழுதுகிறேன்.

நான் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கிற கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன். பிறகு சாரம் பகுதியில் லூர்துவின் ஸ்டுடியோவுக்கு வந்தேன். லூர்து முதலாளி, கேமராவும் அவரே. கணினி என் பொறுப்பு. திருமணம், தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு நடக்கிற புதுநன்மை, மஞ்சள் நீராட்டு, சாவு என எல்லாவற்றையும் இணையத்தில் நேரலையாக அனுப்புவது எங்கள் தொழில். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நம் ஊரில் இந்தத் தொழில் பெரும்பாலும் பிரான்சில் இருப்பவர்களை நம்பித்தான் நடக்கிறது. இங்கே ஒரு வீட்டில் விசேஷம் என்றால் அங்கே நான்கு வீடுகளில் மடிக்கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பார்கள்.

திருமண நேரலை நடுவில் நின்றுபோனால் திட்டுவார்கள். பிறகு பதிவைக் கொடுத்தால் சமாதானம் ஆகிவிடுவார்கள். சாவு வீட்டில் அந்தச் சமாதானம் கிடையாது. பதிவைப் பார்ப்பதும் நடக்கும்போது கூட இருப்பதும் ஒன்றல்ல என்பதை அந்த வீடுகளில்தான் நான் தெரிந்துகொண்டேன்.

கோரிமேட்டில் ஒரு சாவு வீட்டில் எங்கள் நேரலை நின்றது. சவப்பெட்டியின் மூடியைக் கையில் எடுக்கிற நேரம். பிரான்சில் இருந்தவர்களின் திரையில், நான்கு பேர் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள். படம் மறுபடி ஓடத் தொடங்கியபோது தெரு முனையில் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. அன்று மாலை பிரான்சிலிருந்து ஒரு பெண் லூர்துவைக் கூப்பிட்டாள். அவள் திட்டவில்லை. “எங்க அப்பாவ மூடுனாங்களா?” என்று மட்டும் கேட்டாள். 

காரணம் கணினியில் பதிவாகியிருந்தது. பிராசசரின் சூடு எல்லையைத் தொட்டிருக்கிறது. எல்லையைத் தொட்டால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்ததும் படத்தைச் சுருக்கி அனுப்புகிற வேலை பின்தங்கும். பின்தங்கினால் படம் நிற்கும். அது கத்திரி வெயில் காலம். எல்லாம் பொருந்தி வந்தது போல் இருந்தது.

லூர்து சென்னைக்குப் போய் பெல்டியர் தகடு வைத்த குளிர்விப்பான் ஒன்றை வாங்கி வந்தார். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பதற்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அதிரடிக் குளிர்ச்சி’ என்று அதன் மேல் எழுதியிருந்தது. செய்தித்தாளில் இருந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. இப்படிப்பட்ட வாக்கியத்தில் எது வர்ணனை, எது தகவல் என்று முதலில் பிரித்துப் பார்ப்பேன். இதில் தகவல் ஒன்றும் இல்லை. எனவே பொருத்திச் சோதித்துவிடலாம் என்றேன்.

ஸ்டுடியோவில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கணினிக்கு வேலை எதுவும் கொடுக்கவில்லை. தகட்டுக்கு மின்சாரம் போன சிறிது நேரத்தில் பிராசசரின் சூடு இறங்கிக்கொண்டே போய், அறையின் குளிரையும் தாண்டிக் கீழே போனது. லூர்துவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“கைய வச்சுப் பாருங்க பாய். பிரிட்ஜ்ல வச்ச சோடா மாதிரி இருக்குது.”

“ஏசி ரூம்ல வேலையே குடுக்காம வச்சிருந்தா எல்லாரும் சோடாதான் லூர்து. வேலையக் குடு.”

இரண்டு கேமராப் படங்களை ஒன்றாகச் சுருக்கி அனுப்புகிற வேலையைக் கொடுத்தார். சூடு ஏறியது. ஏறி, பழைய சாதாரண ஃபேன் வைத்திருந்தபோது எங்கே நின்றதோ அந்த இடத்தைத் தாண்டிப் போனது. லூர்து திரையைத் தட்டிப் பார்த்தார். எண் மாறவில்லை.

இது ஏன் என்பதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தகடு சூட்டை அழிப்பதில்லை. ஒரு முகத்திலிருந்து எடுத்து மறுமுகத்துக்குக் கடத்துகிறது. கடத்துவதற்கு மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரமும் கடைசியில் சூடாகத்தான் மாறும். பிராசசர் கொஞ்சமாகச் சூடு விட்டால் தகடு சுலபமாகச் சுமக்கும். பிராசசர் முழு வேகத்தில் வேலை செய்தால், அதன் சூடு ஒரு பங்கு, அதைச் சுமக்கத் தகடு தின்கிற மின்சாரத்தின் சூடு இன்னொரு பங்கு, இரண்டும் ஒரே ஃபேனின் தலையில் வந்து விழும். அந்த ஃபேனால் முடியாதபோது சூடு திரும்பிப் பிராசசரிடமே வரும்.

அடுத்து ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்து வைத்தேன். வேலையையும் எடுத்துவிட்டேன். பிராசசர் மறுபடி குளிர்ந்தது. வெளியே கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் தகட்டைச் சுற்றி, குளிர்ந்த மோர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் போல, முத்து முத்தாகத் தண்ணீர் பூத்தது. ஒரு துளி நகர்ந்து கீழே இருந்த போர்டின் விளிம்பில் நின்றது. நான் மின்சாரத்தை நிறுத்தினேன். நம் ஊர்க் காற்றில் எந்தப் பொருளும் காற்றைவிடக் குளிர்ந்தால் வியர்க்கும். போர்டின் மேல் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக யுபிஎஸ். தகட்டோடு சேர்த்து ஓட்டியபோது பேட்டரி முன்பு தாங்கியதில் பாதி நேரம்கூடத் தாங்கவில்லை. கரண்ட் போகிற வீட்டில், ஜெனரேட்டரை இழுத்துவிடும் வரைக்கும் நம்மைக் காப்பாற்றுவது அந்த பேட்டரிதான். தகட்டுக்கு மட்டும் மின்சாரம் நின்றாலும் ஆபத்து. அப்போது அது பிராசசருக்கும் ஃபேனுக்கும் நடுவில் கிடக்கிற வெறும் தடுப்பு.

“வேணாம்” என்றேன்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். அது மோசமான பொருள் அல்ல. கொஞ்சமே சூடு விடுகிற சின்னப் பொருள், ஈரக் காற்று புகாத இடம், சுற்றியுள்ள காற்றைவிடக் குளிராக இருந்தே தீர வேண்டிய தேவை, இவை மூன்றும் இருந்தால் அது உண்மையிலேயே உழைக்கும். ஆய்வுக்கூடக் கருவிகளில் நான் பார்த்திருக்கிறேன். பிராசசருக்கு அந்தத் தேவை கிடையாது. அது குளிர்ந்திருக்க வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டாமல் இருந்தால் போதும். எவ்வளவு குளிர்விக்க முடியும் என்று கேட்டுக்கொண்டு பணத்தை எடுக்காதீர்கள். எவ்வளவு குளிர்ச்சி தேவை என்று கேளுங்கள்.

லூர்து ஏற்றுக்கொள்ளவில்லை. “அப்ப கோரிமேட்டுல படுத்துச்சே, அதுக்கு என்ன பாய் பதில்?”

பெரிய ஃபேன் மாற்றலாம், பிராசசரின் சூட்டைக் கடத்த அதன் மேல் தடவியிருக்கிற பழைய பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவலாம் என்றேன். அவை பதில் அல்ல, எனக்கும் தெரியும்.

“கல்யாண வீட்ல ரெண்டு கேமரா போட்டு நாள் பூரா ஓட்டனாலும் குதிரையாட்டம் ஓடுது. சாவு வீட்லதான் படுத்துக்குது. மந்திரிச்சுத் தாயத்து கட்டணும்போல. உங்க ஆளுகிட்ட போலாமா, எங்க ஆளுகிட்ட போலாமா, சொல்லுங்க.”

“ரெண்டு பேருகிட்டயும் போ. மிஷினுக்கு ஏது மதம்?”

இரண்டு பேரும் சிரித்தோம். கேட்டிருக்க வேண்டிய கேள்வியை லூர்து கேட்டுவிட்டார். வேடிக்கையாகக் கேட்டதால் அது கேள்வியாக எங்கள் காதில் விழவில்லை.

அதே வெயில் அடங்குவதற்குள் தவளக்குப்பத்திலிருந்து அழைப்பு வந்தது. சொல்தா வீடு என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்று எப்போதோ இறந்துபோனவர். இப்போது அவருடைய மனைவி பிலோமினா இறந்திருந்தார். மகள் ரெஜினா அம்மாவோடு இருந்தவள். மகன் சவரி பிரான்சில். இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தார். விமானம் ஏறக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

சவரி லூர்துவை நேரடியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

“தம்பி, எனக்கு பதிவு வேணாம். பென் டிரைவு வேணாம். நடக்கறப்ப பாக்கணும். அம்மா மொகத்த மூடறப்ப நான் இருக்கணும். அவ்ளோதான்.”

“இருப்பீங்கண்ணே.”

“கோரிமேட்ல எங்க சித்தப்பா வீட்ல ஆன மாதிரி ஆவாதே?”

லூர்து என்னைப் பார்க்காமல் சொன்னார்: “ஆவாதுண்ணே. புது கூலிங் வாங்கிட்டோம்.”

  தவளக்குப்பத்துக்குக் கிளம்பும்போது கேமரா பையின் பக்க அறையில் அந்தக் குளிர்விப்பானும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் இருந்ததைப் பார்த்தேன்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் மகன் ஒரு வெள்ளைத் துணியால் தாயின் முகத்தை மூட வேண்டும். சவரிக்குப் பதிலாக ரெஜினா மூடுவதாகவும், அண்ணன் பார்த்துக்கொண்டிருக்க மூடுவதாகவும் அண்ணனும் தங்கையும் பேசி முடிவு செய்திருந்தார்கள்.

வீட்டின் முன்ஹாலில், பெஞ்சு மேல் ஃப்ரீசர் பெட்டி. கண்ணாடி மூடிக்கு உள்ளே பிலோமினா அம்மா, வெளிர்நீலப் புடவையில், கையில் ஜெபமாலையோடு. பெட்டியின் இரண்டு பக்கமும் பாயில் பெண்கள். ஓரத்தில் ஒரே ஒரு ஸ்டாண்டு ஃபேன் அவர்களைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது. உத்தரத்து ஃபேன், மெழுகுவர்த்தி அணையும் என்பதால் நிறுத்தப்பட்டிருந்தது. பெட்டியைச் சுற்றித் தரை வரைக்கும் வெள்ளை சாட்டின் துணி கட்டியிருந்தார்கள்.

அந்தத் துணிக்குப் பின்னால்தான் எங்கள் கணினியை வைப்போம். மற்ற ஸ்டுடியோக்காரர்களின் படத்தில் ஒயரும் ஜங்ஷன் பாக்ஸும் தெரியும். எங்கள் படத்தில் தெரியாது. அதில் எங்களுக்கு ஒரு பெருமை. வீட்டுக்காரர்களும் அதைத்தான் கேட்பார்கள். ரெஜினாவும் காலையில் கேட்டாள்: “ஒயரு கியரு எதுவும் தெரிய வேணாம்ணா. அண்ணன் பாக்கறப்ப வீடு வீடாட்டம் இருக்கணும்.” நாங்கள் கணினியையும் யுபிஎஸ்ஸையும் பெஞ்சின் அடியில், கால்மாட்டுப் பக்கம் வைத்தோம். கேமரா கால்மாட்டுக்குச் சற்று விலகி, முகத்தைப் பார்த்தபடி நின்றது. சிறிய திரை ஒன்று என் கையில்.

நேரலை தொடங்கப் போகிற நேரம் நெருங்கியது. ஃபாதர் வந்துகொண்டிருந்தார். கணினியை உயிர்ப்பித்து, படம் வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். வந்தது. வேலை எதுவும் இன்னும் கொடுக்கவில்லை. ஆனால் பிராசசரின் சூடு எல்லைக்கு வெகு அருகில் இருந்தது. ஏறிக்கொண்டும் இருந்தது.

லூர்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவர் கை ஏற்கனவே பையில் இருந்தது.

“சொன்னேன் இல்ல பாய். கொஞ்ச நேரம் குடுங்க, வெளிய எடுத்துட்டுப் போயி மாட்டிடறேன்.”

“ஸ்டுடியோல என்ன ஆச்சுன்னு பாத்தியே.”

“அது ஸ்டுடியோ. இங்க உசுரு போவுது. எதனா ஒண்ணு பண்ணணும் இல்ல?”

இந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். உங்கள் வேலைக் காலம் முழுவதும் இதை மற்றவர்கள் வாயிலும் உங்கள் வாயிலும் கேட்பீர்கள். ‘எதாவது செய்ய வேண்டும்’ என்று தோன்றுகிற நேரத்தில் கைக்கு எட்டுகிற பொருள் எதுவோ அதுதான் மருந்தாகத் தெரியும். லூர்துவின் கைக்கு எட்டியது அந்தத் தகடு. கணினியைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கிற ஃபேனைக் கழற்றி, பசையைத் துடைத்து, புதியதை முடுக்க வேண்டும். ஒரு திருகு தவறினால் கணினியே இல்லை. மாற்றுக் கணினி எங்களிடம் கிடையாது.

“அந்தத் தகடு சூட்ட எங்க கொண்டுபோயிக் கொட்டும்?” என்று கேட்டேன்.

“வெளிய.”

“எந்த வெளிய? இந்தத் துணிக்குள்ளதானே?”

 கேட்ட பிறகுதான் என் கேள்வியே எனக்கு உறைத்தது. பிராசசருக்கு இன்னும் வேலை கொடுக்கவில்லை. வேலை செய்யாத பிராசசர் இவ்வளவு சூட்டை எங்கிருந்து கொண்டுவரும்? அது விடுகிற சூடாக இருக்க முடியாது. அதற்கு வருகிற சூடாக இருக்க வேண்டும்.

நான் மண்டியிட்டு சாட்டின் துணியை விலக்கிக் கையை உள்ளே விட்டேன். ரொட்டி அடுப்பின் வாயில் கை வைத்தது போல் இருந்தது. இன்னும் உள்ளே நகர்த்தினேன். ஃப்ரீசர் பெட்டியின் கால்மாட்டில், பெஞ்சுக்குக் கீழ்ப்பக்கமாகக் கம்பி வலை ஒன்று. அதன் பின்னால் கம்ப்ரசர் ஓடியது. பிலோமினா அம்மாவைக் குளிர வைக்க எடுத்த சூடு முழுவதையும் அது அந்த வலை வழியே வெளியே ஊதிக்கொண்டிருந்தது. துணி அதைத் தப்பவிடாமல் பிடித்து வைத்திருந்தது. எங்கள் கணினி அந்தக் காற்றைத்தான் இழுத்துத் தன்னைக் குளிரவைத்துக்கொள்ளப் பார்த்தது.

“லூர்து, இங்க கைய வை.”

வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

“கோரிமேட்லயும் இங்கதான் வச்சோம்” என்றார் மெதுவாக.

திருமண மண்டபத்தில் ஃப்ரீசர் பெட்டி இல்லை. வேறு மந்திரம் எதுவும் இல்லை.

காரணம் தெரிந்துவிட்டது, வழி இன்னும் தெரியவில்லை. லூர்து என் காதருகில் வந்தார். “அர மணி நேரம் பெட்டிய ஆஃப் பண்ணச் சொல்லலாமா?”

“உள்ள இருக்கறது அவங்க அம்மா லூர்து.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கணினியை அங்கிருந்து எடுக்க வேண்டும். கேமராவின் ஒயர் எட்டுகிற தூரத்தில் காலியாக இருந்தது ஒரே இடம்: பெட்டியின் பக்கவாட்டில், பெண்கள் உட்கார்ந்திருந்த பாயின் ஓரம். அங்கே வைத்தால் கணினி படத்துக்குள் விழும், தாயின் முகத்துக்கு அருகிலேயே. அது மட்டுமல்ல. ஹாலில் அவ்வளவு கூட்டம், அவ்வளவு வெயில். திறந்த இடத்தில் வைத்தாலும் நேராகக் காற்று வேண்டும். அந்த ஹாலில் ஓடியது ஒரே ஃபேன். அழுதுகொண்டிருக்கிற பெண்களிடமிருந்து அதை எடுத்து ஒரு தகரப் பெட்டியின் பக்கம் திருப்ப வேண்டும்.

இதை முடிவு செய்கிற உரிமை எனக்கு இல்லை. கணினியைப் பற்றி எனக்குத் தெரியும். அந்த ஹாலில் எது பொறுத்துக்கொள்ளக் கூடியது, எது கூடாது என்பது வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் சொல்லாமல் சமாளிப்பதும் நம் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம். அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சொல்லிக்கொண்டு, உண்மையில் நம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்வோம்.

ரெஜினா பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தாள். கையில் போன், மறுமுனையில் சவரி. நான் போய்ச் சுருக்கமாகச் சொன்னேன். பெட்டியின் சூடு எங்கள் மிஷினில் விழுகிறது, இப்படியே விட்டால் நடுவில் நிற்கும், இடம் மாற்றினால் படத்தில் தெரியும், ஃபேனும் வேண்டும்.

அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

“காலைலயே சொன்னேனேண்ணா, எதுவும் தெரிய வேணாம்னு.”

“சொன்னீங்கம்மா. மறைச்சு வச்சதாலதான் இப்ப சூடு ஏறுது.”

போனிலிருந்து சவரியின் குரல் வந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். “ரெஜினா, வைக்கச் சொல்லு. தெரிஞ்சா தெரியட்டும். அம்மாவப் பாக்க வந்தவங்கள்ல அதுவும் ஒண்ணுன்னு நெனச்சுக்கறேன்.”

நானும் லூர்துவும் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தோம். லூர்து ஒரு பக்கத்து சாட்டின் துணியையும் அவிழ்த்துவிட்டார். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஃபேனை நான் தொடவில்லை. ரெஜினாதான் போய்த் திருப்பினாள். பாயில் இருந்த ஒரு வயதான அம்மா, பிலோமினாவின் நாத்தனார் என்று பிறகு தெரிந்தது, சத்தமாகவே சொன்னார்:

“நல்லா இருக்குதுடி ஞாயம். செத்தவளுக்கு ஐஸ் பொட்டி. மிஷினுக்கு ஃபேனு. உசுரோட குந்திகினு இருக்கறவங்க வெந்து சாவணும்.”

இரண்டு பெண்கள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்கள்.

“அத்தே, அண்ணன் பாக்கணும்” என்றாள் ரெஜினா.

அந்த அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப ஏன் அர கொறையா திருப்புற? நல்லா திருப்பு. அவன் பாக்கட்டும்.”

சூடு இறங்கத் தொடங்கியது. நேரலையைத் தொடங்கினேன். முழு வேலை கொடுத்த பிறகு ஏறியது. எல்லைக்கு வெகு கீழே ஓரிடத்தில் வந்து நின்றது. எங்களிடம் எப்போதும் இருந்த அதே சாதாரண ஃபேன்தான் பிராசசர் மேல் இருந்தது.

லூர்து கேமராவுக்குப் போவதற்கு முன் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டார். “தகட்ட வித்துடலாம் பாய்” என்றார்.

ஃபாதர் வந்து ஜெபம் செய்தார். பிலோமினா அம்மாவை ஃப்ரீசர் பெட்டியிலிருந்து எடுத்துச் சவப்பெட்டியில் வைத்தார்கள். கம்ப்ரசரை நிறுத்தினார்கள். அது நின்றதும் ஹாலில் அதுவரை ஒரு இரைச்சல் இருந்தது என்பதே தெரிந்தது. எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். பாட்டு முடிந்தது. ரெஜினா இரண்டு கையாலும் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் அருகில் வந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு ஒருவர் அவள் பக்கத்தில் பிடித்திருந்தார்.

“அண்ணே, மூடட்டுமா?”

போனில் சவரியின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “இரு” என்றார். “எனக்கு இன்னும் பாட்டு முடியல.”

சுற்றி நின்றவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நேரலை என்று சொல்கிறோம். ஆனால் இங்கே எடுக்கிற படம் சுருங்கி, கடல் கடந்து, அங்கே திரையில் விரிவதற்கு அரை நிமிடம்போல ஆகும். குரல் போனில் உடனே போய்விடுகிறது. ரெஜினா கேட்டது அவருக்கு வந்துவிட்டது. ரெஜினா இன்னும் வரவில்லை.

நான் ஃபாதரின் அருகில் போய் அதைச் சொன்னேன். அவர் கையில் இருந்த புத்தகத்தை மூடினார். “இருக்கட்டும். காத்திருப்போம்” என்றார்.

லூர்து கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், உதடு அசையாமல் கேட்டார்: “டிலேய கொறைக்க முடியுமா பாய்?”

முடியும். ஓர் அமைப்பை மாற்றினால் போதும். மாற்றுகிற நொடியில் படம் ஒருமுறை அறுந்து சேரும். சில சமயம் சேராது. இப்போது நேரலை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“தொடல” என்றேன்.

ஹாலில் ஒருவரும் அசையவில்லை. அந்த அமைதியில் போனின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து ஒரு பாட்டு கேட்டது. சவரியின் மடிக்கணினியில் பாடிக்கொண்டிருந்தார்கள். சற்று முன் இந்த ஹாலில் நாங்கள் கேட்ட அதே குரல்கள், இரைச்சலோடு, அங்கே போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தன. பாடியவர்கள் தலை குனிந்து தங்கள் பாட்டைக் கேட்டார்கள். அதுவும் முடிந்தது.

“இப்ப நீ துணியோட வர” என்றார் சவரி. “தெரியுது. அம்மா மொகம் நல்லா தெரியுது.” அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. “மூடு.”

ரெஜினா துணியை விரித்து அம்மாவின் முகத்தின் மேல் போட்டாள். நெற்றிப் பக்கம் ஒருமுறை நீவிவிட்டாள்.

மூடியைத் தூக்க நான்கு பேர் முன்னால் வந்தார்கள். ஃபாதர் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் ஒருமுறை திரையைப் பார்த்தேன். எண் நின்ற இடத்திலேயே நின்றது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார் அம்மாவின் கழுத்தில் வியர்வை வழிந்தது, அவர் துடைக்கவில்லை.

போனில் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு அவர் குரல், மிக அருகில் இருந்து பேசுவது போல:

“ம். மூடிட்ட.”

அதற்குப் பிறகுதான் ஃபாதர் மூடியை எடுக்கச் சொன்னார்.